பொங்கலும் வைத்து நோன்பும் இருக்கலாமா?

கேள்வி:
ஆடியில் கோட்டை மாரியம்மனுக்குப் பொங்கல் வைக்கிற சேலத்துக் குடும்பம் எங்களுடையது. அதை விட மனமில்லை. ஆனால் விடியற்காலையில் புத்தர் வழித் தியானமான விபாசனா முறையில் மூச்சைக் கவனித்து உட்காருகிறேன். ரமலானில் பக்கத்து வீட்டு அக்காவோடு நோன்பும் இருக்கிறேன். அந்தியில் முதல் பேரீச்சம்பழம் நாக்கில் படும்போது எழுகிற நன்றி வேறெங்கும் எனக்கு வாய்த்ததில்லை. மாமியாரோ "ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்" என்கிறார். இது தகுமா?

பதில் (ஏற்காடு):
தாராளமாகத் தகும், அம்மா. வள்ளலார் 1867-இல் வடலூர் தருமசாலையில் ஏற்றிய அடுப்பு இன்றும் அணையவில்லை. அங்கே பசித்தவரிடம் சாதியோ சமயமோ கேட்பதில்லை.

பதில் (அம்மாபேட்டை):
எனக்குத் தயக்கம் உண்டு. நோன்பு தனியே நிற்பதல்ல. தொழுகையும் ஜகாத்தும் அதனோடு பிறந்தவை. பசியை மட்டும் எடுத்துக்கொண்டு ஏழைக்குரிய பங்கை விட்டுவிடாதீர்கள். அக்காவிடமே கேளுங்கள், மகிழ்ச்சியோடு சொல்வார்.

பதில்:
பெரியேரி தலைவெட்டி முனியப்பனைப் பார்த்திருக்கிறீர்களா? அது புத்தர் சிலை என்று 2022-இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் ஊரில் தலைமுறைகளாக மக்கள் புத்தர் முன்னால்தான் கைகூப்பி நின்றிருக்கிறார்கள். மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள்.

கேட்டவர்:
அம்மாபேட்டைக்காரர் சொன்னது தைத்தது. இந்த ரமலானுக்குள் அக்காவிடம் ஜகாத் பற்றிக் கேட்டுவிடுகிறேன்.