கோடை விடுமுறைக்குக் கொல்லை: கிணறு, ஊஞ்சல், தண்ணீர்த் தொட்டி

மாயவரத்தான்:
மாயவரம் பக்கம் பழைய ஓட்டு வீடு. ஏப்ரல் கடைசியில் 4, 7, 10 வயதில் மூன்று பிள்ளைகள் வந்து ஜூன் வரை இருப்பார்கள். கொல்லை 30க்கு 60 அடி. 5 அடி விட்டத்தில் கிணறு; கைப்பிடிச் சுவர் இரண்டரை அடிதான். வேம்பு ஒன்று, முருங்கை ஒன்று, தென்னை இரண்டு, வேலியோரம் மஞ்சள் அரளி. ஒரு மூலையில் செங்கல், விறகு, காய்ந்த மட்டை. ஊஞ்சல், அதன் கீழே மணல், குளிக்க ரப்பர் தொட்டி போடலாம் என்று யோசனை. கிணற்றுக்கு நைலான் வலை போதுமா? எதை முதலில் தொடங்கலாம்?

பட்டறை:
கிணறுதான் முதல். வலை இலைதழை விழாமல் தடுக்கும், அவ்வளவுதான். வெயிலில் ஒரு வருடத்தில் நைந்துவிடும். பார்வைக்கு மூடியிருப்பதால் பெரியவர்களும் அசட்டையாகிவிடுவார்கள். அது இன்னும் ஆபத்து.

இரும்புக் கம்பி மூடி போடுங்கள். சட்டத்துக்கு 40×40×5 மி.மீ. ஆங்கிள் (L வடிவ இரும்பு), குறுக்கே 10 மி.மீ. கம்பி. கம்பிகளுக்கு இடையே 4 அங்குலத்துக்கு மேல் இடைவெளி கூடாது, தலை நுழையும். வட்டமாக வளைக்கக் கூலி ஏறும். சதுரமாகச் செய்தால் மூலை நான்கும் சுவருக்கு வெளியே நீட்டி, ஓடும் பிள்ளைகள் இடித்துக்கொள்வார்கள். அதனால் எண்கோணமாக வெட்டி ஒட்டச் சொல்லுங்கள். பக்கத்துக்குப் பக்கம் 6 அடி வைத்தால் மொத்தம் சுமார் 40 கிலோ வரும்.

பாதி மூடி திறக்கிற மாதிரி செய்யாதீர்கள். கனத்துக்குப் பயந்து ஒருமுறை திறந்தவர் மறுபடி மூடமாட்டார். மூடி நிலையாக இருக்கட்டும். வாளி இறங்க நடுவில் 2 அடிச் சதுரத்தில் சின்னக் கதவு, கொண்டி, பூட்டு. சாவி ஆளுயர ஆணியில்.

பழைய சுண்ணாம்புக் கட்டில் ஆங்கர் போல்ட் பிடிக்காது, செங்கல்லோடு பெயர்ந்து வரும். சட்டத்திலிருந்து நாலு இடத்தில் ஒரு அடிக் கால் இறக்கி, சுவரின் வெளிப்பக்கம் ஹோல்ட்ஃபாஸ்ட் (சுவருக்குள் பதிக்கும் இரும்புப் பட்டை) வைத்து சிமென்டில் பதியுங்கள். ஒரு வாரம் தண்ணீர் காட்டணும். ஆகவே இப்போதே ஆரம்பித்துவிடுங்கள். கிணற்று ஈரத்துக்குக் கம்பியின் அடிப்பக்கம்தான் முதலில் துருவேறும். மாட்டுவதற்கு முன்பே அந்தப் பக்கம் ரெட் ஆக்சைடு துருத்தடுப்பு பெயின்ட் இரண்டு கை அடித்துவிடுங்கள்.

வேப்பங்கிளை:
ஊஞ்சலுக்கு வேம்பு சரி. முருங்கைப் பக்கமே போகாதீர்கள், பிள்ளைகள் ஏறவும் விடாதீர்கள், சொல்லாமல் முறியும். வேம்பிலும் பட்டுப்போன கிளை, பொந்து விழுந்த கிளை வேண்டாம். பெரியவர் தொடை கனமாவது இருக்கணும்.

16 மி.மீ. நைலான் கயிறு. தேங்காய் நார்க் கயிறு மழை, வெயிலில் உள்ளுக்குள்ளே இற்றுப்போகும், வெளியே தெரியாது. கயிறு கிளையில் உரசும் இடத்தில்தான் தேய்ந்து அறும். அங்கே பழைய சைக்கிள் டயரை வெட்டி இடையில் வையுங்கள், மரப்பட்டையும் அறுபடாது. வேகமாக ஆடிக் கீழே வரும்போது கயிற்றில் ஆளின் எடையைப் போல இரண்டு, மூன்று மடங்கு இழுவை விழும். '30 கிலோப் பையன்தானே' என்று கணக்குப் போடாதீர்கள், ஊஞ்சலைப் பார்த்தால் பெரியவர்களும் சும்மா இருக்கமாட்டார்கள். இருக்கை தரையிலிருந்து ஒன்றரை அடி. முன்னும் பின்னும், ஆடிப்போகும் எல்லைக்கு அப்பால் 6 அடி காலி இடம். அதற்குள் கிணறோ சுவரோ துணி துவைக்கிற கல்லோ வரக்கூடாது.

மணல் முக்கால் அடி ஆழம். எம்-சாண்ட் (பாறையை உடைத்து அரைத்த மணல்) கொட்டிவிடாதீர்கள். அதிலுள்ள தூளுக்கு நாலு முறை தண்ணீர் பட்டால் தரைபோல இறுகிவிடும். சலித்த ஆற்று மணல்தான் பொலபொலவென்று நிற்கும். ராத்திரி தார்ப்பாய் மூடாவிட்டால் பூனை வந்துவிடும்.

மஞ்சள் அரளியை வேரோடு எடுத்துவிடுங்கள். அதன் கொட்டை இதயத்தைத் தாக்கும் விஷம், 4 வயதுப் பிள்ளைக்கோ அது விளையாட்டுக் காய். வேலியில் காட்டாமணக்கு இருந்தால் அதுவும் போகட்டும். விறகைத் தரையிலிருந்து ஒரு அடி உயர்த்தி அடுக்குங்கள்; செங்கல்லும் மட்டையும் இடத்தைவிட்டே போகணும். எலி அங்கே, பாம்பு அதன் பின்னால். பூண்டு, பினாயில் தெளிப்பதில் ஒன்றும் இல்லை. தென்னைக்கு ஆள் ஏறும்போது தேங்காயோடு காய்ந்த மட்டை, பாளை, குரும்பை எல்லாம் இறக்கச் சொல்லுங்கள்.

ஃபேஸ்_நியூட்ரல்:
யாரும் கரன்ட் பற்றிப் பேசவில்லையே. கிணற்றடியில் மோட்டார், பக்கத்தில் ஈரத்தோடு பிள்ளைகள். மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரன்ட் கசிந்தால் தானே விழுந்து லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) போடுங்கள். போட்டதும் அடிக்கடி விழுந்தால், அதைக் குற்றம் சொல்லிக் கழற்றச் சொல்பவரை நம்பவேண்டாம். எங்கோ கசிகிறது, அல்லது நியூட்ரலும் எர்த்தும் எங்கோ ஒட்டியிருக்கிறது. பழைய வீட்டில் பெரும்பாலும் மோட்டார் லைன். மாதம் ஒருமுறை டெஸ்ட் பட்டனை அழுத்தணும்.

கோடையில் மண் காய்ந்தால் எர்த் குழி சரியாக வேலை செய்யாது. வாரம் இரண்டு வாளி தண்ணீர் அதில் ஊற்றுங்கள். துணி காயப்போடும் இரும்புக் கம்பியை மோட்டார் ஷெட் தகரத்தில் கட்டியிருந்தால் இன்றைக்கே அவிழ்த்துவிடுங்கள்.

மாயவரத்தான்:
நன்றி. வேலி முழுக்கக் காட்டாமணக்குதான், அதையும் எடுத்துவிடுகிறேன். தொட்டி 5 அடி விட்டம். தண்ணீர் வீணாகிறதே, நாலு நாள் வைத்துக்கொள்ளலாமா?

வேப்பங்கிளை:
வேண்டாம். அரை அடிக்கு நிரப்பினால் 275 லிட்டர்தான், 4 வயதுக்கு அதற்கு மேல் தேவையும் இல்லை. அந்த ஆழத்திலும் கவிழ்ந்து விழுந்தால் மூச்சுப்போகும், எனவே பெரியவர் ஒருவர் கையெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்கணும், போனைப் பார்த்துக்கொண்டு அல்ல. சோப்பு போடாமல் விளையாடினால் சாயங்காலம் அப்படியே தென்னைப் பாத்திக்குத் திருப்பிவிடலாம், வீணே கிடையாது. டெங்கு கொசுவின் முட்டை தொட்டிச் சுவரில் ஒட்டிக்கொள்ளும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. வெறுமனே கொட்டினால் போதாது; வாரம் ஒருமுறை உள்பக்கத்தைப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, கவிழ்த்து வையுங்கள்.

பட்டறை:
ஊஞ்சலுக்குப் பலகைக்குப் பதில் டயர் மாட்டுவதாக இருந்தால் அதன் அடியில் நாலு ஓட்டை போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் அதுவும் கொசுத் தொட்டிதான்.