தமிழ் சைட்டுக்கு ஃபான்ட் தேர்வு: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்க

பிக்சல்பாண்டி:
ஈரோட்டுல ஒரு ஜவுளிக்கடை சைட். டிசைன் அப்ரூவ் ஆகி என் கைக்கு வந்ததே பாப்பின்ஸ்ங்கிற ஃபான்ட்லதான். அதுல லத்தீனும் தேவநாகரியும்தான் இருக்கு, தமிழ் கிடையாது. எழுத்து இல்லேன்னா பிரவுசர் வாயே திறக்காது, கையில கிடைச்ச சிஸ்டம் ஃபான்ட்டை எடுத்துப் போட்டுரும். ஆண்ட்ராய்டுல நோட்டோ, விண்டோஸ்ல நிர்மலா, மேக்ல இன்னொண்ணு. முதலாளி தன் போனை பில் போடுற கம்ப்யூட்டர் பக்கத்துல வச்சார். ரெண்டையும் மாறி மாறிப் பார்த்துட்டு, "தம்பி, இது ரெண்டும் நம்ம கடைதானா?"ன்னார். டிசைன் போட்டவங்க யாரும் அங்க இல்ல, நான்தான் நின்னேன். அப்புறம் தமிழுக்கு முக்தா மலர் போட்டு முடிச்சோம்.

சாமானியன்:
பாண்டி, அவர் கேட்டா கேட்டுட்டுப் போறார். சிஸ்டம் ஃபான்ட்ல என்ன குறை? எங்க ஊர் மினிபஸ் நேரத்துக்கு ஒரு பக்கம் செஞ்சு, தனியா தமிழ் ஃபான்ட் ஏத்தியிருந்தோம். ஸ்டாப்புல ஒரு அக்கா போனை என் மூஞ்சிக்கு நேரா நீட்டி, "நேரம் மட்டும் தெரியுது, ஊர் பேரைக் காணோமே"ன்னாங்க. எண்ணுக்கான ஃபைல் இறங்கிருச்சு, தமிழ் ஃபைல் வந்துக்கிட்டே இருக்கு. 7.10, 7.45, 8.20ன்னு வரிசையா நிக்குது, பக்கத்துல வெறும் வெள்ளை. அன்னைக்கே அந்த ஃபான்ட்டைத் தூக்கிட்டேன்.

பிக்சல்பாண்டி:
சைட்டோட ஸ்டைல் கோட்ல ஃபான்ட்-டிஸ்ப்ளேன்னு இருக்கிற இடத்துல ஸ்வாப்னு போட்டா முதல்ல சிஸ்டம் எழுத்து வரும், அப்புறம் மாறும். ஒரு வரியில தீர்ற விஷயத்துக்கு ஃபான்ட்டே வேண்டாம்னா எப்படிங்க?

சாமானியன்:
மாறும்போது பக்கமே ஒரு குதி குதிக்குமே, அதையும் சொல்லுங்க.

ஒற்றெழுத்து:
சண்டையை அப்புறம் வச்சுக்கோங்க. ஒரு சிற்றிதழுக்கு சைட் செஞ்சு குடுத்தப்ப தலைப்புக்கு பவனம் கேட்டாங்க. அழகான ஃபான்ட்தான், ஆனா ஒரே வெயிட், அதாவது ஒரே தடிமன்தான். தலைப்புன்னாலே பிரவுசர் போல்டாக்கும், போல்டு ஃபைல் இல்லேன்னா தானே மை தடவி தடிமனாக்கிரும். அங்க பிழை திருத்துற பெரியவர் கண்ணாடியை நெத்திக்கு ஏத்திட்டு திரைக்கு மூக்கு படுற மாதிரி வந்து, விரலை வச்சு, "இது றன்னகரமா, டண்ணகரமா?"ன்னார். சுழியெல்லாம் அடைஞ்சு போய் எனக்கே தெரியல. அதுக்குப் பிறகு எந்த ஃபான்ட்டைப் பார்த்தாலும் முதல்ல "கண்ணன் மன்னன்"னு அடிச்சு போல்டாக்கித்தான் பார்ப்பேன்.

கரவெட்டிக்காரன்:
என்ரை கதை வேற. செத்தவீட்டு நினைவு மலர் ஒண்டை இணையத்திலை போடக் கேட்டவை. அச்சகத்திலை இருந்து வந்தது முழுக்கப் பாமினி, ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வடிவம் குடுக்கிற பழைய ஃபான்ட். அது எந்தக் கம்ப்யூட்டரிலையும் தமிழ் தமிழாவே நிக்கிற யூனிகோட் இல்லை எண்டு உங்களுக்குத் தெரியும்தானே. அவையின்ரை கம்ப்யூட்டரிலை பாமினி கிடக்கிறபடியால் வடிவாத் தெரிஞ்சது. ரொறன்ரோவிலை இருந்து மகன் போன் எடுத்து, "அண்ணை, அம்மாவின்ரை படத்துக்குக் கீழை என்ன பாஸ்வேர்டே போட்டிருக்கிறியள்?" எண்டார். "அம்மா" எண்டிருக்க வேண்டிய இடத்திலை எம், கே, அரைப்புள்ளி, கே, எச். மாற்றியிலை போட்டு யூனிகோட் ஆக்கினது பெரிய வேலையில்லை. அந்த மனிசனுக்கு என்ன மறுமொழி சொல்லுறது எண்டதுதான்.

மூத்தடிசைனர்:
புதுசா வர்றவங்களுக்குச் சொல்றேன். பாடிக்கு, அதாவது பத்தி எழுத்துக்கு, நோட்டோ சான்ஸ் தமிழ் இல்லேன்னா ஹிந்த் மதுரை எடுங்க. நிறைய வெயிட் வேணும்னா காட்டமரான், 9 இருக்கு. பலூ தம்பி விளம்பரப் பட்டைக்கு ஓகே, பத்தி பத்தியா போட்டுறாதீங்க. இங்கிலீஷுக்கு வச்ச லைன் ஹைட்டை, அதாவது வரி உயரத்தை, அப்படியே விடாதீங்க. தமிழ்ல மேல புள்ளியும் விசிறியும், கீழ "மூ" வாலும் இருக்கு. எழுத்து அளவுக்கு 1.2 மடங்குல வச்சு, பெட்டிக்கு வெளிய நீட்டுற ஓவர்ஃப்ளோவையும் மறைச்சா புள்ளி வெட்டுப்படும், "கல்யாணம்" கலயாணம ஆயிரும். நான் 1.6க்குக் கீழ இறங்கமாட்டேன். சின்ன சைஸ்ல ரகரமும் துணைக்காலும் ஒண்ணு போல தெரியுதான்னு பாருங்க. இட்டாலிக் தமிழுக்கு வேண்டவே வேண்டாம், பிரவுசர் சும்மா சாய்ச்சு வைக்கும். பழைய போட்டோஷாப்ல கொம்பு இடம் மாறி நின்னா ஃபான்ட்டைத் திட்டாதீங்க, பத்தி அமைப்புல, நம்ம எழுத்தைச் சரியா கோக்குற வேர்ல்டு ரெடி கம்போசருக்கு மாத்துங்க. லைசென்ஸும் பாருங்க, அச்சுக்கு வாங்கினது வெப்புக்குச் செல்லாம இருக்கலாம்.

ஒற்றெழுத்து:
அண்ணே, இது அனுபவத் திரி. உங்க கதை எங்க?

மூத்தடிசைனர்:
கதைன்னா ஒண்ணுதான். ஒரு அரசு அலுவலக பட்டன், "விண்ணப்பிக்கவும்". போன்ல "வும்" மட்டும் கீழ விழுது. "விண்ணப்பிக்க"ன்னு வச்சுக்கலாமான்னு கேட்டேன். "வும் இல்லேன்னா மரியாதையா இருக்காதுங்களே"ன்னு அதிகாரி மறுத்துட்டார். எழுத்தை 11 பிக்சலுக்குக் குறைச்சு உள்ள திணிச்சோம். லிங்க் கேக்காதீங்க.