மூன்று கம்பனி, ஒரு முதலாளி: ஒன்றாக்கினால் என்ன?

பரந்தன்பொடியன்:
அமெரிக்கன் எயர்லைன்ஸுக்கு முழுக்கச் சொந்தமான சின்ன விமானக் கம்பனிகள் மூன்று: என்வோய், பிஎஸ்ஏ, பீட்மொன்ட். வெளியில் எல்லாவற்றிலும் 'அமெரிக்கன் ஈகிள்' என்றுதான் எழுதியிருக்கும், ஏறுகிற சனத்துக்கு வித்தியாசம் தெரியாது. உள்ளே விமானம் ஓட்டுகிறதுக்கு மூன்று அனுமதிப் பத்திரம், மூன்று தலைமையகம், மூன்று பயிற்சிப் பிரிவு. ஒரு வீட்டில் எதற்கு மூன்று அடுப்பு?

பழையடிப்போ (வவுனியா):
தம்பி, மூன்று அடுப்பிலும் வேகிறது வேறு வேறு. என்வோயில் எம்ப்ரேயர் 170, 175. பிஎஸ்ஏயில் பொம்பார்டியர் கம்பனி செய்த சிஆர்ஜே ஜெட். பீட்மொன்டில் 50 இருக்கை எம்ப்ரேயர் 145. ஒன்றில் பழகிய விமானியை நாளைக்கே மற்றதில் ஏற்ற முடியாது. உதிரிப்பாகமும் வேறு.

நான் பஸ்ஸில் கண்டதையும் சொல்கிறேன். இலங்கையில் 1958இல் தனியார் பஸ் கம்பனிகளை எடுத்து ஒரே சபையாக்கினார்கள். பிறகு அதைப் பிராந்தியக் கம்பனிகளாகப் பிரித்தார்கள். 2005இல் சட்டம் போட்டுத் திரும்பவும் சேர்த்தார்கள். பெயர்ப்பலகை மாறியது, முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் பஸ்ஸை நிறுத்தித் தேங்காய் உடைக்கிறது மட்டும் மாறவில்லை.

முத்தையன்கட்டான்:
ஐயா, பிள்ளையாரை இழுத்து விஷயத்தை மூடாதீர்கள். மூன்றாக வைத்திருப்பது முதலாளிக்கு லாபம். பிஎஸ்ஏ விமானிகள் சம்பள ஒப்பந்தத்தில் விட்டுக்கொடுத்துக் கையெழுத்து வைத்தார்கள், 2013 கடைசியில் புது சிஆர்ஜே 900 விமானங்கள் அவர்களுக்கென்று ஓடர் போனது. 2014இல் என்வோய் விமானிகள் அப்படியான ஒப்பந்தத்துக்கு மாட்டோம் என்று வாக்களித்தார்கள், புது விமானங்கள் வேறு கம்பனிகளுக்குப் போயின. மெசின் வர முதல் அருவி வெட்டுக்கு ஆள் பிடித்த மாதிரித்தான்: 'நீ வராட்டி அடுத்த ஊரில் ஆள் இருக்கு.' மூன்று இடத்திலும் விமானிகளுக்கு ஒரே சங்கம், ஆனால் ஒப்பந்தம் மூன்று. அதில்தான் விளையாட்டு.

பழையடிப்போ:
அது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் சேர்த்தால் முதலில் அடிபடுகிறதும் அதே விமானிதான். எந்த விமானம், எந்த ஊர், எப்போது லீவு, எல்லாம் சேவை மூப்பில், அதாவது யார் முதலில் வேலைக்குச் சேர்ந்தார் என்பதில், தொங்குகிறது. இரண்டு கம்பனி சேர்ந்தால் இரண்டு மூப்புப் பட்டியலையும் ஒன்றாக்க வேண்டும். யூஎஸ் எயர்வேஸ், அமெரிக்கா வெஸ்ட் என்ற இரண்டு விமானக் கம்பனிகளும் 2005இல் சேர்ந்தன. மூப்புப் பட்டியல் சண்டை 2013இல் அமெரிக்கனோடு சேர்ந்த பிறகும் தீரவில்லை. யூஎஸ் எயர்வேஸை நடத்தியவர்களே பிறகு அமெரிக்கனையும் நடத்தினார்கள். சூடு கண்ட பூனை.

பரந்தன்பொடியன்:
ஆனால் ஐயா, விமான வகை வேறு என்ற உங்கள் வாதம் நிற்காது. 2024 ஒக்டோபரில் டாட்டா, எயர்பஸ் ஓட்டிய ஏஐஎக்ஸ் கனெக்டை (முந்தின எயர் ஏசியா இந்தியா) போயிங் ஓட்டிய எயர் இந்தியா எக்ஸ்பிரஸோடு சேர்த்தது. அடுத்த மாதம் டாட்டாவின் இன்னொரு விமானக் கம்பனியான விஸ்தாராவும் எயர் இந்தியாவுக்குள் போனது. எயர்பஸ், போயிங் இரண்டு வகையும் ஒரே கம்பனியில் ஓடுகின்றன.

முத்தையன்கட்டான்:
அப்படியென்றால் தரைவேலையிலிருந்து தொடங்கட்டும். பீட்மொன்டும் என்வோயும் விமான நிலையங்களில் பெட்டி ஏற்றி இறக்குகிற வேலையும் செய்கின்றன. அதற்கு இரண்டு நிர்வாகம் எதற்கு?

பழையடிப்போ:
அதைச் சேர்க்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. விமானிப் பட்டியலில் மட்டும் கை வைக்க வேண்டாம்.