மல்லிகைப் பூ சிரப் கீரை வேகவைத்த தண்ணீர் மாதிரி வருகிறது, எங்கே தப்பு?

பசுண்டவுங் பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம். சித்திரை ஒன்றாம் தேதி எங்கள் வீட்டு வாசலில் வருஷா வருஷம் தண்ணீர்ப் பந்தல் போடுவோம். பர்மாப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவான திஞ்சானும் அதே நாட்களில் வருவதால் தெருவே நனைந்துபோய் வந்து நிற்கும், பர்மாக்காரர்கள் சதுதிதா என்று இலவசமாகச் சாப்பாடும் தண்ணீரும் வைப்பார்களே அதே மாதிரிதான், யார் வந்தாலும் ஒரு கிளாஸ். அம்மா இருந்தவரை பானகம். இப்போது பிள்ளைகள் "வெல்லத் தண்ணியா" என்று முகத்தைச் சுளிக்கிறார்கள், அதனால் இந்த வருஷம் மல்லிகைப் பூ சிரப் போட்டு, எலுமிச்சை பிழிந்து, ஐஸ் போட்டுக் கொடுக்கலாம் என்று ஆசைப்பட்டேன்.

ஒரு கப் சீனி, ஒரு கப் தண்ணீர், நாலு முழம் மல்லிகையை நாரிலிருந்து உருவி அப்படியே போட்டுப் பத்து நிமிஷம் கொதிக்க வைத்தேன். வந்தது என்ன தெரியுமா, பழுப்பு நிறத்தில் ஒரு தண்ணீர், முகர்ந்தால் கீரை வேகவைத்த வாடை, நாக்கில் வைத்தால் கடைசியில் ஒரு கசப்பு. சரி, ஆறினால் சரியாகும் என்று பாட்டிலில் ஊற்றி வைத்தேன். கரன்ட் வருவதும் போவதுமாக இருப்பதால் ஃப்ரிட்ஜை நம்பவில்லை, அலமாரியில்தான் வைத்தேன். நாலாம் நாள் மூடியைத் திறந்தால் "புஸ்ஸ்" என்று சத்தம், மேலே வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. கொட்டிவிட்டேன்.

எங்கே தப்பு? பூ எவ்வளவு போட வேண்டும்? சுமார் இருநூறு கிளாஸுக்கு என்ன கணக்கு? செய்து பார்த்தவர்கள் மட்டும் சொல்லுங்கள், வீடியோ லிங்க் வேண்டாம், நிறையப் பார்த்துவிட்டேன்.

மோல்மேன் பெரியக்கா:
தங்கச்சி, மல்லிகையைக் கொதிக்க வைத்தால் கீரைதான் வரும், வேறென்ன வரும்? அந்த வாசனை காற்றில் பறக்கிற வாசனை. அடுப்பில் வைத்ததும் வீடு முழுக்க மணந்திருக்குமே, ஆகா என்று நினைத்திருப்பாய். மணந்ததெல்லாம் சட்டியை விட்டுப் போனதுதான். மிச்சம் இருந்தது இலைச் சாறு.

நான் செய்கிற விதம் இது. சாயந்திரம் மொட்டாக வாங்கு, காலையில் விரிந்து கிடந்த பூ வேண்டாம். குண்டுமல்லி இருட்டிய பிறகுதான் வாய் திறக்கும், வாசனை விடுவதும் அப்போதுதான். பூவுக்கு அடியில் இருக்கிற பச்சைக் காம்பை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடு, உன் கசப்பு பாதி அதிலிருந்துதான். நகம் பச்சையாகிப் போகும், உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டே செய். காய்ச்சி நன்றாக ஆற வைத்த தண்ணீரை அகலமான பாத்திரத்தில் ஊற்றி, மேலே பூவை ஒரு வரிசையாக மிதக்க விட்டு, இறுக்கமாக மூடி வைத்துவிடு. அமுக்காதே, கலக்காதே. காலையில் எழுந்து பல் விளக்குவதற்கு முன்னால் வடித்துவிட வேண்டும். விட்டால் பூ பழுப்பாகி ஒரு நாற்றம் இறங்கும், அப்புறம் ஒன்றும் செய்ய முடியாது. வாசனை பத்தாது என்றால் அதே தண்ணீரில் அடுத்த நாள் சாயந்திரம் புதுப் பூ போடு. சீனியை அதற்கப்புறம்தான் சேர்ப்பது.

இன்னொன்று. சிக்னலில் காருக்கு விற்கிற சரமும் பயா (புத்தர் கோயில்) வாசலில் விற்கிற சரமும் சாமிக்கும் தலைக்கும்தான். என்ன மருந்து அடித்தார்களோ யாருக்குத் தெரியும். வீட்டுத் தொட்டிப் பூ, இல்லையென்றால் மருந்தடிக்காத தெரிந்த வீட்டுப் பூ, இது இரண்டைத் தவிர வேறெதையும் வாயில் வைக்காதே.

ஜூஸ்கடை தம்பி:
பெரியக்கா சொன்னது முழுக்க சரி. ஃபெர்மெண்ட் ஆன விஷயத்துக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன், எங்கள் கடையில் இதில் நிறையப் பட்டிருக்கிறோம்.

அக்கா, சீனியும் தண்ணீரும் சரிக்குச் சரி போட்டால் பாதிதான் சீனி, ஈஸ்டுக்கு அது கல்யாண விருந்து. ஃப்ரிட்ஜில் வைத்தாலே இரண்டு மூன்று வாரம்தான், வெளியில் நம்ம ஏப்ரல் வெயிலில் நாலு நாள் தாங்கியதே பெரிசு. எடைக்கு எடை சீனி இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு போடுங்கள். அப்போது மூன்றில் இரண்டு பங்கு சீனி, அந்த அடர்த்தியில் பூஞ்சைக்கும் ஈஸ்டுக்கும் குடிக்கத் தண்ணீர் கிடைக்காது. ஆனால் கப்பில் அளக்காதீர்கள், தராசில் நிறுங்கள். ஒரு கப் சீனி ஒரு கப் தண்ணீரைவிட எடை குறைவு, அதனால் நீங்கள் போட்டது பாதிகூட இல்லை.

இருநூறு கிளாஸ் கணக்கு: கிளாஸுக்கு 25 மில்லி சிரப் என்றால் 5 லிட்டர். அதற்கு 4.4 கிலோ சீனி, 2.2 லிட்டர் தண்ணீர். நம்ம பர்மா வீசை 1.63 கிலோ, ஆக 2.7 வீசை, மூன்று வீசை வாங்கிவிடுங்கள், மிச்சம் டீக்கு ஆகும். 20 லிட்டர் போத்தல் தண்ணீரையே காய்ச்சி ஆற வைத்து எடுங்கள்.

மல்லிகைத் தண்ணீரில் சீனி கரைய அடம் பிடிக்கும், அந்த அளவு சீனியைத் தண்ணீர் தாங்குவதே எல்லையில்தான். கை பொறுக்கிற சூட்டுக்கு மேல் போகாமல் வெதுவெதுப்பாக்கி, விட்டு விட்டு அரை மணி நேரம் கிளறுங்கள். கரைந்ததும் நிறுத்துங்கள். கம்பிப் பதம் பார்க்கிற பழக்கத்தில் இன்னும் கொஞ்சம் இன்னும் கொஞ்சம் என்று காய்ச்சினால் தண்ணீர் வற்றி, இரண்டாம் நாள் பாட்டில் அடியில் கற்கண்டு கட்டியிருக்கும். பாட்டிலைக் கொதிநீரில் போட்டு எடுத்து, சொட்டு ஈரமில்லாமல் காய வைத்து ஊற்றுங்கள். காய்ச்சாத சிரப் என்பதால் இவ்வளவு சீனி இருந்தாலும் மாசக்கணக்கில் வைக்க வேண்டாம், பந்தலுக்கு மூன்று நாள் முன்னால் செய்தால் போதும்.

சிரியம்காரன்:
இவ்வளவு பாடு எதுக்கு? கடையில் ஒரு பாட்டில் பன்னீர் வாங்கி சீனித் தண்ணீரில் ஊற்றினால் முடிந்தது வேலை. ஃபலூடா கடைக்காரன் எல்லாம் உட்கார்ந்து பூவா கிள்ளுகிறான்?

ஜூஸ்கடை தம்பி:
அண்ணே, ஃபலூடாவில் விழுகிற சிவப்பு சிரப்பில் பெரும்பாலும் கலரும் எசென்ஸும்தான், அதை நானே ஊற்றுகிறேன், மறைக்கவில்லை. ஆனால் கல்யாண வீட்டில் தெளிக்கிற பன்னீர் வேறு, சமையல் பன்னீர் வேறு. தெளிக்கிறதில் செண்ட் கலந்திருக்கும். லேபிளில் உணவுக்கு என்று இல்லாவிட்டால் தொடாதீர்கள்.

மேமியோ மருமகள்:
ஒரு திருத்தம். பூவை அடுப்புப் பக்கமே கொண்டுபோகக் கூடாது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம், அது மல்லிகைக்குத்தான். ரோஜாவுக்குச் சூடு வேண்டும். ரோஜா மணத்தில் ஒரு பெரிய பங்கு தண்ணீரோடு சேர்ந்து நிற்கிற சமாச்சாரம், அதனால்தான் பன்னீர் என்று ஒரு பொருளே இருக்கிறது.

என் மாமியார் கற்றுக்கொடுத்த அளவு: நாட்டுப் பன்னீர் ரோஜா இதழ் 100 கிராம், தண்ணீர் அரை லிட்டர், சீனி ஒரு கிலோ. பூச்செண்டுக்கு வருகிற பெரிய ரோஜாவில் வாசனையே கிடையாது, மருந்து மட்டும் தாராளமாக இருக்கும், அது வேண்டாம். இதழின் அடியில் வெள்ளையாக ஒரு மூலை இருக்கும், அதைக் கத்தரித்துவிடுங்கள், அது கசக்கும். தண்ணீரைச் சுட வைத்து, கொதி வருவதற்கு முன் இறக்கி, இதழைப் போட்டு மூடி வைத்தால் கால் மணி நேரத்தில் இதழெல்லாம் வெளுத்துப் போகும், நிறம் முழுக்கத் தண்ணீரில் இறங்கியிருக்கும். அந்த நேரம் பார்த்தால் அழுக்குத் துணி அலசிய தண்ணீர் மாதிரிதான் இருக்கும். நான் முதல் தடவை மாமியார் பார்ப்பதற்குள் கொட்டிவிடலாம் என்று சட்டியைத் தூக்கிவிட்டேன். அவர் ஒரு வார்த்தை பேசாமல் அரை மூடி எலுமிச்சையைப் பிழிந்தார், கரண்டி சுற்றுகிற இடத்திலிருந்து செக்கச் சிவப்பாகப் பரவியது. அப்புறம் வடித்து, வடித்த தண்ணீர் எவ்வளவு இருக்கிறதோ அதற்கு இரட்டிப்பு எடை சீனி போட்டுக் கரைக்க வேண்டியதுதான். அந்த எலுமிச்சைப் புளிப்பு சீனி திரும்பக் கட்டாமலும் பார்த்துக்கொள்ளும்.

பசுண்டவுங் பொண்ணு:
ரொம்ப நன்றி, பெரியக்கா, தம்பி, மருமகள் அக்கா எல்லாருக்கும். பல் விளக்குவதற்கு முன்னால் என்ற கட்டளையைச் சமையலறைச் சுவரிலேயே எழுதி ஒட்டிவிட்டேன். இன்னும் இரண்டு சந்தேகம். பக்கத்து வீட்டு வேலியில் சங்குப்பூ கொட்டிக் கிடக்கிறது, அதைச் சேர்க்கலாமா? அப்புறம் என் சின்ன மகள் பிட்டவுக் (பர்மா வேங்கை மரம்) பூவிலும் சிரப் செய்யலாம் என்கிறாள்.

மோல்மேன் பெரியக்கா:
சங்குப்பூவில் வாசனை கிடையாது, நிறம்தான். காய்ந்த பூ பத்துப் பன்னிரண்டு ஒரு கிளாஸ் சுடுநீரில் போட்டால் நல்ல நீலம் வரும், அதை மல்லிகை சிரப்போடு கலந்துகொள். எலுமிச்சையை முன்கூட்டியே கலந்துவிடாதே! கொடுக்கிற நேரத்தில் பிள்ளைகள் முன்னாலேயே பிழி, நீலம் கத்தரிப்பூ நிறமாகும், அப்புறம் பானகம் வேண்டுமா என்று கேட்டுப் பார்.

பிட்டவுக் வேண்டாம், அது முதல் மழைக்கு ஒரு நாள் பூத்து மறுநாள் உதிர்கிற பூ, கொண்டையில் இருக்கட்டும். மகளிடம் இதையும் சொல்லி வை: அரளி எந்த நிறமாக இருந்தாலும் விஷம், மஞ்சள் அரளியும் விஷம், கோயிலுக்கென்று நாம் பறிக்கிற பால் வடிகிற பூவும் வேண்டாம். பேர் தெரிந்து, சாப்பிடுகிற பூ என்று தெரிந்தால் மட்டும்தான் சட்டிக்குள் போக வேண்டும்.

பசுண்டவுங் பொண்ணு:
நேற்று ராத்திரி சின்ன அளவில் செய்து பார்த்தேன். கரன்ட் இல்லை, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் காம்பு கிள்ளினேன், பாதியில் மகளும் வந்து உட்கார்ந்தாள். ஐந்தரை மணிக்கு மூடியைத் திறந்தபோது பூவெல்லாம் முழுசாக விரிந்து மிதந்துகொண்டிருந்தது, தண்ணீர் வெறும் தண்ணீர் மாதிரிதான் தெரிந்தது, ஒரு நிறமும் இல்லை. ஏமாந்துபோய் ஒரு ஸ்பூன் வாயில் வைத்தேன். அம்மா தலை பின்னிவிடுகிறபோது வருகிற வாசனை.

சீனி கரைய முக்கால் மணி நேரம் ஆனது தம்பி, அரை மணி நேரம் இல்லை.

சிரியம்காரன்:
பந்தல் எந்தத் தெருவில் போடுகிறீர்கள்?