விரல் நகத்தளவு மட்டி, உள்ளங்கையளவு மட்டியைக் கொல்வது எப்படி?

ஆற்றுமணல் கேட்டது:
வட அமெரிக்கப் பேரேரிப் பகுதியில், செயின்ட் கிளேர் ஏரியில் 1988இல் கண்டறியப்பட்ட வரிக்குதிரை மட்டி, சில ஆண்டுகளிலேயே அங்கிருந்த உள்ளூர் நன்னீர் மட்டிகளைப் பெரும்பாலும் ஒழித்துவிட்டதாகப் படித்தேன். இரைக்கான போட்டியே காரணம் என்றால், அவ்வளவு பெரிய ஏரியில் இரை தீர்ந்துவிடுமா?

கரையோரன்:
ஏரி முழுவதும் இரை தீர வேண்டியதில்லை, ஐயா. உள்ளூர் மட்டியின் வாயருகே தீர்ந்தால் போதும். கருங்கடல், காஸ்பியன் பகுதியைச் சேர்ந்த வரிக்குதிரை மட்டி, கப்பல்கள் சாயாதிருக்க அடியில் ஏற்றிவரும் நிலைப்பு நீரோடு வந்து சேர்ந்தது. அது நூலிழைகளால் கெட்டியான பரப்பைப் பற்றிக்கொண்டு வாழ்வது. சேற்றுத் தரையில் அதற்குக் கிடைக்கும் கெட்டியான பரப்பு, பாதி புதைந்து பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் உள்ளூர் மட்டியின் ஓடுதான். ஒன்றின் மேல் நூற்றுக்கணக்கில், சில வேளைகளில் ஆயிரக்கணக்கில்கூட ஒட்டிக்கொள்வதால், உள்ளூர் மட்டியால் தன் ஓட்டைச் சரியாகத் திறந்து மூடவோ, நகரவோ, புதையவோ இயலாமல் போவதோடு, இரைக்காக அது உள்ளிழுக்க வேண்டிய நீரையும் மேலே இருப்பவை முன்னதாகவே வடிகட்டிவிடுகின்றன. உடலில் சேமித்த சத்து கரைந்து, பட்டினியில் சாகிறது.

இழப்பை ஈடுகட்டுவதும் எளிதன்று. வரிக்குதிரை மட்டியின் இளவுயிரிகள் நீரில் தாமாகவே மிதந்து பரவுகின்றன. உள்ளூர் மட்டிகளின் இளவுயிரிகளோ பெரும்பாலும் உரிய மீனின் செவுளில் ஒட்டியிருந்தால்தான் வளர முடியும்.

பழைய படகு:
விளக்கம் சரியே, ஆனால் பழி முழுவதையும் வந்தேறியின் மேல் சுமத்த நான் உடன்படமாட்டேன். பேரேரிகளுள் ஒன்றான ஈரி ஏரியின் மேற்குப் பகுதியில் 1961க்கும் 1982க்கும் இடையிலேயே உள்ளூர் மட்டிகள் குறைந்துவந்தன. மிசிசிப்பிப் படுகையில் அணைகளும், அதற்கு முன்பு சட்டைப் பொத்தான் செய்ய ஓடுகளை அள்ளிய தொழிலும் செய்த சேதம் சிறிதன்று.

ஆற்றுமணல்:
அப்படியானால், தப்பிப் பிழைத்தவை எங்கேனும் உண்டா?

கரையோரன்:
உண்டு. ஈரி ஏரிக்கரையில், ஒகையோ மாநிலத்தின் மெட்ஸ்கர் சதுப்பில் 1996இல் நீர்மட்டம் குறைக்கப்பட்டபோது ஆயிரக்கணக்கான உள்ளூர் மட்டிகள் உயிரோடு கிடைத்தன. அங்குள்ள மென்மையான சேற்றில், வெதுவெதுப்பான காலத்தில் அவை முழுவதுமாகப் புதைந்துகொள்ள, மேலே ஒட்டியிருந்தவை மூச்சடைத்து உதிர்ந்திருக்கின்றன. வரிக்குதிரை மட்டி பரவிய, நியூயார்க் மாநிலத்து ஹட்சன் ஆற்றிலும் தொடக்கத்தில் வெகுவாகச் சரிந்த உள்ளூர் மட்டிகளின் எண்ணிக்கை, பின்னர் குறைந்த அளவிலேனும் நிலைத்தது. ஆகவே, ஏரியின் நடுப்பகுதியைவிட இத்தகைய கரையோரச் சதுப்புகளைக் காப்பதற்கே முதலிடம் தர வேண்டும் என்பது என் கருத்து.