நீராவி எஞ்சின் மாடலில் கவர்னர் ஆட்டம்: வேகம் நிலைக்கவில்லை, உதவுங்கள்

கேள்வி:
வணக்கம். ஒற்றை சிலிண்டர் நீராவி எஞ்சின் மாடல் கட்டியிருக்கிறேன். வேகக் கட்டுப்பாட்டுக்கு ஜேம்ஸ் வாட் பாணியில் இரட்டை உருண்டைக் கவர்னர். அதன் தண்டு நிமிடத்துக்குச் சுமார் 300 சுற்று. சுமையாக மாட்டிய டைனமோவைக் கழற்றினால் வேகம் ஏறி, உருண்டைகள் விரிந்து வால்வை மூடுகின்றன. எஞ்சின் திணறியதும் வால்வு முழுக்கத் திறந்து மறுபடி சீறுகிறது. இப்படியே ஓயாமல் ஆடுகிறது. உருண்டை எடையைக் கூட்டினால் ஆட்டம் இன்னும் மோசம். என்ன செய்யலாம்?

பதில் 1:
300 சுற்று வாட் கவர்னருக்கு அதிகம் நண்பரே. கையின் மூட்டிலிருந்து உருண்டை தொங்கும் உயரம் 895-ஐ வேகத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் மீட்டர். 300-ல் அது 1 செ.மீ. தான். 310-க்கு ஏறினால் 0.6 மி.மீ. மாறும். மூட்டு ஊசிகளின் (pin) ஓட்டைகளில் உள்ள தளர்ச்சியே அதை விழுங்கிவிடும். வால்வு தாமதமாகத்தான் அசையும். புல்லியை மாற்றி 120 சுற்றுக்கு இறக்குங்கள். அதே விகித வேக மாற்றத்துக்கு 4 மி.மீ. நகர்வு கிடைக்கும்.

பதில் 2:
மேலே சொன்னது சரி. ஆனால் எடை கூட்டியதும் ஆட்டம் கூடியதற்குக் காரணம் வேறு. வாட் 1788-ல் கவர்னரைப் பொருத்தியபோது இணைப்புகளின் உராய்வே ஆட்டத்தை அடக்கிவைத்தது. அப்புறம் கடைசல் வேலை நேர்த்தியாகி உராய்வு குறைந்தது. கனமான வால்வுகளை அசைக்க உருண்டைகளும் கனத்தன. பெரிய எஞ்சின்களே உங்களுடையதைப் போல ஆட ஆரம்பித்தன. 1868-ல் இயற்பியலாளர் மாக்ஸ்வெல் கவர்னர்களின் நிலைத்தன்மையைக் கணிதமாக்கினார். 1876-ல் ரஷ்யாவின் விஷ்னெகிராட்ஸ்கி (பின்னாளில் அந்நாட்டு நிதியமைச்சர்!) எஞ்சினையும் கவர்னரையும் ஒரே கணக்கில் சேர்த்துப் போட்டார். உருண்டை கனத்தாலும், உராய்வு குறைந்தாலும், ஃப்ளைவீல் (சுழற்சியைச் சீராக்கும் கனச் சக்கரம்) சிறுத்தாலும் ஆட்டம் வரும் என்பது அவர் முடிவு. சுமையோடும் சுமையின்றியும் ஒரே வேகம் வேண்டும் என்று அடம்பிடித்தாலும் வரும்.

ஆகவே பழைய உருண்டைகளையே போடுங்கள். வால்வு பேக்கிங்கை (நீராவி கசியாமல் தடுக்கும் அடைப்பு) இறுக்கி உராய்வைக் கூட்டாதீர்கள். ஒட்டி ஒட்டி நகரும் உராய்வு கெடுதல். எண்ணெயின் மெதுவான தடைதான் தேவை. சிரிஞ்சில் ரப்பரை எடுத்துவிட்டுத் தளர்வான பித்தளை பிஸ்டன் போட்டு, எண்ணெய் ஊற்றி, வால்வு நெம்புகோலில் கட்டுங்கள்.

கேட்டவர்:
நன்றி! புல்லியை மாற்றி, பழைய உருண்டைகளோடு சிரிஞ்சும் கட்டினேன். டைனமோவைக் கழற்றியதும் இரண்டு மூன்று ஆட்டத்தில் அடங்குகிறது. சுமையில்லாதபோது வேகம் கொஞ்சம் கூடுதலாகவே நிற்கிறது. இதைச் சரிசெய்ய வேண்டுமா?

பதில் 2:
வேண்டாம், விட்டுவிடுங்கள். அந்தக் கொஞ்சம் வித்தியாசம் இருப்பதால்தான் ஆட்டம் அடங்குகிறது.