வானை வீட்டுவண்டியாக்க நல்ல கராஜ் தெரியுமோ?

வணக்கம் உறவுகளே. உயரக்கூரை ஹையேஸ் வான் ஒன்றைப் படுக்கை, அடுப்போட மாத்தவேணும். ஆறு பேர், அதில ரெண்டு சின்னன். கிளிநொச்சி, வவுனியாப் பக்கம் ஒழுங்காச் செய்யிற ஆக்கள் இருந்தால் சொல்லுங்கோ.

சீற் பெல்ற் வானின்ர அடிச்சட்ட இரும்பிலதான் பூட்டவேணும். பிளைவுட்டில இறுக்கின போல்ற், இடிபட்டால் பலகையையும் பிய்ச்சுக்கொண்டு வரும். பக்கம் பார்த்த சீற் வேண்டாம். சமையல் காஸ் காற்றைவிடப் பாரம். கசிஞ்சால் தரையிலதான் தேங்கும். சிலிண்டர் பெட்டி அடியில வெளிய போற துளை கட்டாயம். ‘ஜன்னலைத் திறந்தாக் காணும்’ எண்டுற கராஜ் பாஸ்மாரைச் சொல்லாதேங்கோ! 100 லீற்றர் தண்ணி 100 கிலோ, தாங்கி சில்லு அச்சுக்குக் கிட்ட வரவேணும்.

மாத்தினாப்பிறகு பதிவுப் புத்தகம் திருத்த என்னென்ன கடுதாசி கேக்கினம்?